அத்தை அழிக்கச் சொன்ன பெயர்

ஓடைக்கரையில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் என் வலது கையை மல்லாத்தி வைத்து, முழங்கைமேல் தன் முட்டியை ஊன்றிக்கொண்டு, லெட்சுமி தேங்காய் நாரால் தேய்க்கிறாள். நாரில் உப்பு. நான் கத்தினால் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கே கேட்கும் என்பதால் சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்திருக்கிறேன்.

"போவுதாடி?" என்று துணிக்குள்ளிருந்தே கேட்கிறேன்.

"தோலு போவுது. எழுத்து அப்படியே இருக்கு" என்கிறாள்.

லெட்சுமி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, என் வயதுதான். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் ரப்பர் ஸ்டோரில் பால் உறைய வைக்கும் வேலை பார்த்தவள். எதையாவது தேய்க்கச் சொன்னால் மனசாரத் தேய்ப்பாள். அன்றைக்கு அது என் கையாகப் போயிற்று.

எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம் அது. என் முன்கையில் பச்சை குத்தியிருந்த பெயர் குப்புசாமி. ஆனால் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் குப்புசாமி இல்லை.

அவர் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். இந்தத் தொடரை அச்சுக்கோக்கும் தம்பியும் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்களைச் சொல்லி வளர்த்தார்கள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை, பேனாவிலும் வர மறுக்கிறது. அதனால் 'இவர்' என்றே எழுதுகிறேன். இவர் என்று வந்தால் அது என் வீட்டுக்காரர்தான்.

மாமனுக்குப் போட்ட பூட்டு

குப்புசாமி என் தாய்மாமன். அம்மாவுக்கு ஒரே தம்பி. தம்பி அசலில் பெண் எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று அம்மாவுக்கு எப்போதும் ஒரு பயம். எனக்குப் பத்து வயதில் தோட்டத்துக்குப் பச்சை குத்துகிறவள் ஒருத்தி வந்தாள். அம்மா என்னை இழுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் உட்கார வைத்தாள்.

விளக்குக் கரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைத்து, லயத்தில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி அதில் சொட்டுவிட்டாள். மூன்று ஊசியைச் சேர்த்து நூலால் கட்டியிருந்தாள். நான் அழாமல் இருக்கப் பாடிக்கொண்டே குத்தினாள். பாட்டு நீளமாக இருந்தது, ஆனால் என் அழுகை அதைவிட நீளம். கடைசியில் மஞ்சளும் எண்ணெயும் தடவி, "இனிமே ஒம் மாமன் எங்கயும் போவ மாட்டான்" என்றாள்.

போய்விட்டார். சிரம்பான் பக்கம் லோபாக்கில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைக்காரர் மகளையே கட்டிக்கொண்டார். பூட்டை என் கையில் போட்டதுதான் தப்பு. மாமன் கை சும்மாதானே இருந்தது.

எனக்கு அதில் வருத்தமே இல்லை. மாமன் நல்ல மனிதர், ஆனால் என் தட்டிலிருந்து வடையை எடுத்துத் தின்கிற ஆளைப் புருஷனாக நினைக்க எனக்கு வரவில்லை. அவர் கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வருத்தமெல்லாம் அம்மாவுக்குத்தான். அடுத்த வருடமே காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். நல்லவேளை, பின்னால் நடந்த கூத்தை அவள் பார்க்கவில்லை.

கட்டிக்கொள்ளப் போகிறவர் என்று சொல்லி வளர்த்ததால் மாமன் பெயரையும் நான் சொல்லிப் பழகவில்லை. 'சின்ன மாமா' என்பேன். அப்பா கோபத்தில் 'அந்தப் பய' என்பார். லயத்தில் எழுத்து தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவர்களோடு உட்கார்ந்துதான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஆக, என் கையில் ஒரு பெயர் இருந்தது, அதை யாரும் படித்ததுமில்லை, சொன்னதுமில்லை.

உப்புக் கொண்டுவந்தவர்

இவரும் இவர் அம்மாவும் சுவா பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். அங்கே ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டுவிட்டார்கள். இவருடைய அப்பா அதற்குப் பல வருடம் முன்பே காலமாகியிருந்தார். எங்கள் தோட்டத்தில் அவரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அப்போது உப்பு என்றால் தங்கம். போர்ட்டிக்சன் கடற்கரைக்கு ஆள் அனுப்பிக் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்து வருவார்கள். அந்த ஆட்களில் இவரும் ஒருவர். லயத்துக்கு லயம் தேங்காய்ச் சிரட்டையில் அளந்து கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு அளக்கும்போது மட்டும் சிரட்டை தலைதட்டாமல் கோபுரமாக நிற்கும். அப்பா முதலில் இவரை அளக்கத் தெரியாத பையன் என்றுதான் நினைத்தார்.

அந்த நேரத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. முதலில் பேச்சாக இருந்தது, பிறகு லாரியாக வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. பௌர்ணமி கழிந்து எங்கள் தோட்டத்தில் கணக்கெடுக்கப் போவதாகவும், கல்யாணம் ஆகாத ஆண்களை முதலில் எழுதப் போவதாகவும் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஐயா ரகசியமாகச் சொன்னார்.

அவ்வளவுதான். அந்த மாதம் எங்கள் தோட்டத்தில் நடந்த கல்யாணங்களைப் போல் நான் எந்த முகூர்த்த மாதத்திலும் பார்த்ததில்லை. தாலிக்கு மஞ்சள் கிழங்கு கிடைக்கவில்லை.

இவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்தார். அந்த அம்மாள் ஒல்லி, குள்ளம், குரல் மட்டும் மூன்று ஆளுக்குப் போதும். நான் தண்ணீர் கொடுக்கக் கையை நீட்டினேன். அவர் தண்ணீரை வாங்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது யாரு பேரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாதான் சொன்னார்: "அவ தாய்மாமனுக்குன்னு சின்னதுல குத்துனதும்மா. அது முடிஞ்சி போன கதை."

"கதை முடிஞ்சிருக்கலாம், எழுத்து இருக்கே. இன்னொருத்தன் பேரோட வர்ற கை எங்கூட்டு அடுப்பத் தொடக் கூடாது. அழிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க, அன்னிக்கே பரிசம் போடுறேன்."

"நாளில்லம்மா" என்றார் இவர்.

"நாளில்லேன்னா அழுத்தித் தேய்க்கச் சொல்லு."

பௌர்ணமிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் எழுத்து போக வேண்டும், இல்லாவிட்டால் இவர் போக வேண்டும். அந்த அம்மாள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பெற்ற பிள்ளை போய்விடுவானே என்றுகூட யோசிக்காத பிடிவாதம் அது. அந்த வெறுப்பை இன்றைக்கு எழுதும்போதும் மறைக்க மாட்டேன்.

புறப்படும்போது இவர் வாசலில் தயங்கி நின்று, "அந்தாளு பேரு என்னான்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா லோபாக் பக்கம் போறப்ப கை சும்மா இருக்காது" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அன்றைக்கே இவர் அந்தப் பெயரைக் கேட்டிருந்தால் என் தோல் பிழைத்திருக்கும்.

தோலும் தைரியமும்

யோசனை சொல்ல ஊருக்கே வாய் இருந்தது. முதலில் சுண்ணாம்பையும் சவுக்காரத்தையும் குழைத்துப் பூசிக் கட்டினோம். கை வெந்தது, எழுத்து வேகவில்லை.

அடுத்தது தாய்ப்பால். குத்தும்போது விட்டது பால்தானே, பாலை விட்டு மறுபடி குத்தினால் பச்சை கிளம்பி வெளியே வந்துவிடும் என்றாள் ஒருத்தி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தைக்கிற ஊசியால் லெட்சுமி ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். நாலு நாள் கழித்துப் பொருக்கு உதிர்ந்தபோது, தூசி தட்டிய சாமி படம் மாதிரி எழுத்து முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது.

பிறகுதான் உப்பு. அதையும் இவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"கஞ்சிக்கு உப்பில்ல, கைக்கு உப்பா?"

"இது போனாத்தான் கல்யாணம்ப்பா."

"நான் உப்பில்லாமலே தின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார். அன்று இரவு மரவள்ளிக் கிழங்கை உப்பில்லாமல்தான் தின்றார்.

உப்பு, எழுத்தின் முனைகளைக் கொஞ்சம் மங்க வைத்தது. அதற்குமேல் தேய்க்கத் தோல் இல்லை. பிறகு முந்திரிக்கொட்டைத் தோலைச் சுட்டு அதில் கசிந்த எண்ணெயைத் தடவினோம். கொப்புளம் வந்தது. கொப்புளத்துக்கு உள்ளேயும் குப்புசாமி தெரிந்தார்.

கடைசியில் லெட்சுமி பூட்டிக்கிடந்த ஸ்டோருக்குள் புகுந்து, ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டை ஒரு சிரட்டையில் எடுத்து வந்தாள். கோழி இறகால் தொட்டுக் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். முதல் எழுத்திலிருந்து ஏன் ஆரம்பிக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "வாலுலேருந்து வந்தா தலை தானா பயந்து ஓடும்னு நெனச்சேன்" என்றாள்.

பாலை உறைய வைக்கிற சாமான் என் கையையும் விடவில்லை. 'மி' போயிற்று. 'சா' போகும்போது எனக்குக் கண் இருட்டிவிட்டது. கண் விழித்தபோது லெட்சுமி என் கையை ஓடைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இனிமே நான் மாட்டேன் லா. கையே இல்லாமப் போனா அந்தம்மா வீட்டு அடுப்ப எதால தொடுவ?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் மருமகள் சிரம்பானில் புருவத்துக்குப் பச்சை குத்திக்கொண்டாள். அதற்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு புருவம் மேலே ஏறிப்போய், எந்நேரமும் யாரையோ சந்தேகப்படுகிற முகமாகிவிட்டது. லேசருக்குப் பயந்துகொண்டு, உப்புத் தண்ணீரும் ஏதோ களிம்புமாகக் கண்ணாடி முன்னால் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ரவிக்கைக் கையை மேலே தள்ளித் தழும்பைக் காட்டினேன். மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போய்விட்டாள்.

வெற்றிலைத் தட்டு

பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கும்போது, எழுத்து அழிந்துவிட்டது என்று அப்பா சொல்லி அனுப்பினார். பொய்தான். 'குப்பு' குத்துக்கல்லாட்டம் இருந்தது. "மஞ்சத்துணியால கட்டுப் போட்டு விட்ரலாம். ஆறுற புண்ண அவுத்துப் பாக்க யாருக்கும் மனசு வராது" என்றார். எங்கள் அப்பா வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய் அது என்று நினைக்கிறேன்.

பரிசம் போட வந்தார்கள். நான் உள்ளே லெட்சுமியோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்துக் கங்காணி தட்டைக் கையில் எடுத்து, வழக்கப்படி இரண்டு பக்கத்துத் தகப்பன் பெயரையும் சபையில் சொல்ல வேண்டும். என் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு, "மாப்பிள்ளைக்குத் தகப்பன் பேரு?" என்றார்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகனைப் பார்த்தார். இவர்தான் சொன்னார்.

"சுவா தோட்டத்துக் குப்புசாமி."

அப்பா கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. உள்ளே நான் லெட்சுமியின் தொடையைக் கிள்ளினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கோ ஒரேயடியாக எல்லாம் புரிந்தது. அந்த அம்மாள் குப்பை என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார், 'கூளம்' என்றுதான் சொல்வார். ரொம்ப நாசூக்கு என்று நாங்கள் கேலி பண்ணியிருக்கிறோம். புருஷன் பெயர் அதில் இடிக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? குப்புசாமிக்குத் தோட்டக்காட்டில் பஞ்சமே இல்லை. எங்கள் தோட்டத்திலேயே மூன்று பேர் இருந்தார்கள். அப்படியும் தோன்றவில்லை.

அப்பா எழுந்து நின்று, எழுத்து இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதையும், அது என்ன எழுத்து என்பதையும் சபையில் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் எழுந்து உள்ளே வந்து, கட்டை அவிழ்த்தார். புண்ணைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல எது மொத எழுத்து?"

காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார். எழுத்துத் தெரியாத அந்த விரல் மெதுவாக நகர்ந்து, புண் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிட்டது. அத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த ஆத்திரம் அந்த நேரம் எனக்குள் எங்கே போனது என்று தெரியவில்லை.

பிறகு அவர் குரல் அவருக்குத் திரும்பி வந்தது. "ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா அத்தை?" என்றேன்.

லெட்சுமி சிரித்துவிட்டாள். அத்தைக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வெளியே உட்கார்ந்திருந்த இவர், "உள்ள என்னா நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கல்யாணம். மஞ்சள் கயிறு, மரவள்ளிப் புட்டு, கறுப்புக் காப்பி. அந்த இரண்டு நாளும் அத்தை எங்கிருந்தோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, கோழி இறகால் என் கையில் தடவினார். ஆசிட் தடவியதும் கோழி இறகால்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆபீஸ் வாசலில்

பௌர்ணமிக்கு மறுநாள் கணக்கெடுக்க வந்தார்கள். ஆபீஸ் முன்னால் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஒரு மாதத்தில் இத்தனை கல்யாணமா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆணிடம் அவன் தகப்பன் பெயரைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார்கள். பிறகு அவன் வீட்டுப் பெண்களைத் தனியாகக் கேட்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் குடும்பம், இல்லாவிட்டால் பொய்க் கல்யாணம். அந்த ஆள் லாரியில் ஏற வேண்டியதுதான். லாரி பக்கத்திலேயே நின்றது.

எங்கள் முறை வந்தது. மேசையில் கிராணி ஐயா, பக்கத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி. கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார்.

"உங்கட புருஷன்ர பேரைச் சொல்லுங்கோ அம்மா."

அத்தை வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"பிள்ளை, நீர் சொல்லும். மாமன்ர பேர் என்ன?"

எனக்கு அது மாமனார் பெயராகிவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பத்து வயதிலிருந்து விழுங்கிப் பழகிய பெயர், தொண்டையை விட்டு ஏற மாட்டேன் என்கிறது. அதிகாரி பென்சிலால் மேசையைத் தட்டினார். அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் நின்ற இவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் சொல்லேல்லை எண்டால் நான் எழுத ஏலாது அம்மா. உங்கட மகனை லொறியில ஏத்திப்போடுவினம்" என்றார் கிராணி ஐயா தணிந்த குரலில்.

அத்தை சட்டென்று என் கையைப் பிடித்திழுத்து, கட்டை ஒரே உருவாக உருவி, மேசைமேல் அவர் முன்னால் வைத்தார். புண்ணும் பொருக்குமாக இருந்ததைப் பார்த்து அதிகாரியே நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். கிராணி ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார். கையிலிருந்த சீட்டையும் பார்த்தார்.

"இஞ்ச பாதிதானே கிடக்கு அம்மா. மிச்சம் எங்க?"

"மிச்சத்தச் சொரண்டச் சொன்ன பாவி நாந்தான் ஐயா. நீங்க முழுசா எழுதிக்கங்க."

கிராணி ஐயா அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அவர் என் கையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பேனா காகிதத்தில் ஓடியது. அந்தப் பக்கம் இவரை வரிசையிலிருந்து வெளியே போகச் சொன்னார்கள், லாரி நிற்கிற பக்கமாக இல்லை.

இவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"ஒரு பேரச் சொல்ல இம்மாம் நேரமா? எனக்கு உசுரே இல்ல. யாரும்மா சொன்னது, நீயா, இவளா?"

அத்தை இன்னும் என் கையை விடவில்லை.

"ஒங்கப்பாதான் வந்து சொல்லிட்டுப் போனாரு" என்றார்.